வயல் பாசியும் வீட்டுக் குழாயும்

காவிரி என்றதும் டி.எம்.சி. என்ற சொல்தான் எல்லோர் வாயிலும் முதலில் வருகிறது. 1990-ல் நடுவர் மன்றம் அமைக்கப்பட்டது முதல், 2007-ல் அதன் இறுதித் தீர்ப்பு வெளிவந்து, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது வரையில், வழக்கு முழுவதும் அளவைப் பற்றியே நடந்தது. அதே தீர்ப்பில் பெங்களூரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கப்பட்டது. பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி செல்கிறது என்பதைப் பீனியாவில் லேத் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியும் அறிவார்; அல்சூரில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் குமாஸ்தாவும் அறிவார். ஆனால் அந்தத் தண்ணீரில் என்ன கரைந்து வருகிறது என்று கேட்போர் மிகச் சிலரே.

அந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்லக்கூடிய உயிர் ஒன்று உண்டு. அது பாசி. தொட்டியில் படிந்தால் தேய்த்துக் கழுவப்படுவதும், குளத்துப் படியில் கால் வழுக்கினால் திட்டப்படுவதுமான அதே பாசிதான்.

பாசி தரும் உரம்

நெல் வயலில் நிற்கும் தண்ணீரில் பல வகைப் பாசிகள் வளர்கின்றன. அவற்றுள் நீலப்பச்சைப் பாசி என்பது விசேஷமானது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் இருந்தாலும் நெற்பயிரால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள இயலாது. நீலப்பச்சைப் பாசிகளில் சில இனங்கள் அந்த நைட்ரஜனைப் பிடித்துத் தம் உடலில் தழைச்சத்தாகச் சேர்த்து வைக்கின்றன. அவை மடிந்து மக்கும்போது அந்தச் சத்து பயிருக்குக் கிடைக்கிறது. பல நூற்றாண்டுகளாக, எரு அதிகம் இடாத வயல்களிலும் நெல் விளைந்து வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

இந்த உண்மையை உலகறியச் செய்ததில் இந்திய விஞ்ஞானிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. 1939-ல் பி. கே. டே என்பவர் நெல் வயல்களில் நைட்ரஜன் சேர்வதற்கு நீலப்பச்சைப் பாசியே காரணம் என்று ஆராய்ந்து வெளியிட்டார். காசியில் ஆர். என். சிங் அதை வயலில் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்தார். புது டில்லி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் ஜி. எஸ். வெங்கடராமன், விவசாயிகளே தங்கள் கொல்லையில் பாத்தி கட்டிப் பாசி வளர்த்துக்கொள்ளும் எளிய முறையைப் பரப்பினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம். ஓ. பி. ஐயங்கார் தொடங்கி வைத்த பாசி ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டி. வி. தேசிகாசாரி 1959-ல் வெளியிட்ட நீலப்பச்சைப் பாசி பற்றிய நூல், அத்துறையினருக்கு இன்றும் கையேடாக விளங்குகிறது.

நல்ல சூழ்நிலையில் இந்தப் பாசி ஒரு போகத்தில் ஹெக்டேருக்கு 20 முதல் 30 கிலோ வரை தழைச்சத்து தரும் என்று கணக்கிட்டுள்ளனர். யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஆகவே 25 கிலோ தழைச்சத்து என்பது சுமார் 54 கிலோ யூரியாவுக்குச் சமம். அதாவது இன்று விற்கப்படும் 45 கிலோ மூட்டையில் ஒன்றுக்கும் சற்று அதிகம். அதிக விளைச்சல் தரும் இன்றைய நெல் ரகங்களுக்கு இது மட்டுமே போதாது என்பது உண்மையே. ஆனால் விலையின்றிக் கிடைக்கும் ஒரு மூட்டை உரத்தை எந்த விவசாயியும் வேண்டாம் என்று சொல்லமாட்டான்.

வேலைநிறுத்தம் செய்யும் பாசி

இவ்வாறிருக்க, வயலில் இன்று நடப்பது என்ன?

முதலாவது யூரியா. தண்ணீரிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைக்கும்போது, காற்றிலிருந்து அதைப் பிடிக்கும் வேலையை நீலப்பச்சைப் பாசி நிறுத்திவிடுகிறது. அந்த இடத்தில் சாதாரணப் பச்சைப் பாசிகள் வேகமாகப் பெருகுகின்றன. பட்டப்பகல் வெயிலில் அவை நீரிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சுவதால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது. கார நீரில் யூரியாவின் சத்து அம்மோனியா வாயுவாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. நின்ற தண்ணீரில் வீசப்படும் யூரியாவின் சத்தில் பாதிகூடப் பெரும்பாலும் நெல்லுக்குச் சேர்வதில்லை. காசு கொடுத்து வாங்கிய மூட்டையில் பாதிக்கு மேல் காற்றோடும் வடிநீரோடும் போய்விடுகிறது.

இரண்டாவது களைக்கொல்லி. பாசியும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் உயிர்தான். களைச்செடியைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்ட மருந்து, அதே தண்ணீரில் வாழும் பாசியைத் தொடாமல் போகுமா? நெல் வயல்களில் பெரிதும் பயன்படும் பூட்டாகுளோர் என்ற மருந்து, அளவு ஏற ஏற நீலப்பச்சைப் பாசிகள் பலவற்றின் வளர்ச்சியையும் நைட்ரஜன் பிடிக்கும் திறனையும் குறைப்பதைப் பரிசோதனைச்சாலை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஹெக்டேருக்கு 1.25 கிலோ மூல மருந்து என்ற வழக்கமான அளவில், இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும் வயலில் அதைப் போட்டால், ஒரு லிட்டர் நீரில் இரண்டரை மில்லிகிராம் வீதம் கலக்கிறது. சிட்டிகையிலும் சிறிய அளவுதான். எனினும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு அது சிறிய அளவன்று.

மூன்றாவது பூச்சி மருந்து. இது செய்யும் வேலை விசித்திரமானது. பாசியை மேய்ந்து அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவை தெள்ளு போன்ற நுண்ணிய நீர்ப்பிராணிகளே. பயிரைத் தாக்கும் பூச்சியைக் கொல்ல அடிக்கும் மருந்து இவற்றையும் கொன்றுவிடுகிறது. மேய்வோர் இல்லாமற் போனதும் பாசி திடீரென்று கட்டுமீறிப் பெருகுகிறது. நெல் வயல்களில் பூச்சி மருந்து அடித்த சில நாட்களில் தண்ணீர் பச்சைக் குழம்பாவதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, ஒரு மருந்து பாசியைக் கொல்கிறது. இன்னொன்று அதை மிஞ்ச விடுகிறது. இரண்டிலும் பாழாவது வயலின் சமநிலையே.

வயலிலிருந்து குழாய்க்கு

இது விவசாயியின் கவலை, மாதச் சம்பளக்காரருக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. பெங்களூருக்குக் காவிரி நீர் வரத் தொடங்கியது 1974-ல். ஐந்தாவது திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தத் தண்ணீர் கண்ணம்பாடி அணையிலிருந்து நேராக வருவதில்லை. சிவனசமுத்திரத்துக்கு அருகே சிவா அணைக்கட்டில் எடுக்கப்பட்டு, தொரெக்காடனஹள்ளியில் சுத்திகரிக்கப்பட்டு, சுமார் 100 கிலோமீட்டர் தூரம் பம்புகளால் மேடேற்றப்பட்டு வருகிறது. கண்ணம்பாடிக்கும் அந்த இடத்துக்கும் இடையே ஆறு செல்லும் நாடு மாண்டியாவின், மைசூரின் நெல் நாடு. திருமகூடலு நரசீபுரத்தில் வந்து சேரும் கபினியும் வயல்களைக் கடந்தே வருகிறது. வயலில் நின்ற நீர் வடிகாலில் இறங்கி, ஓடையில் சேர்ந்து, ஆற்றுக்கே திரும்புகிறது.

சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரமும் மணல் வடிகட்டியும் குளோரினும் செய்யும் வேலை, மண்ணையும் நோய்க்கிருமியையும் நீக்குவது. நீரில் கரைந்துபோன மருந்துகள் யாவற்றையும் பிரித்தெடுப்பது அவற்றின் வேலையன்று. இதனால் குழாயில் வருவது நஞ்சு என்று பீதி கிளப்புவது தவறு. பருவமழைக் காலத்தில் ஆற்றின் பெருக்கில் எதுவும் பெரிதும் நீர்த்துப்போகும். ஆனால் நடவு முடிந்து களைக்கொல்லி போடும் வாரங்களில், ஆற்றிலும் வடிகாலிலும் எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது என்பது அளக்கப்பட்டு, குடிப்பவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று கேட்பது பீதியாகாது. அது உரிமை.

ஆறு அங்கே நின்றுவிடவும் இல்லை. கீழே மேட்டூர் இருக்கிறது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் தண்ணீர் பச்சைப் படலம் பூத்து நாற்றமடிக்கும் செய்தியும், அதைப் போக்க நுண்ணுயிர்க் கலவை தெளிக்கும் செய்தியும் அண்மை ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்துள்ளன. சேலம், தர்மபுரி பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் ஊருக்குப் போகும்போது கண்ணாலேயே கண்டிருப்பார்கள்.

தேங்கிய நீரில் இப்படிப் பூப்பவற்றில் முக்கியமானது மைக்ரோசிஸ்டிஸ் என்பது. இதுவும் நீலப்பச்சைப் பாசியே. ஆனால் காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கும் திறமை இதற்குக் கிடையாது. நீரில் கரைந்து வரும் தழைச்சத்தையும் மணிச்சத்தையும் தின்றே வளர்கிறது. உழவனுக்கு உரம் செய்து கொடுக்கும் பாசி வயலில் சோர்ந்து கிடக்கிறது. உழவன் காசு கொடுத்து வாங்கிய உரத்தைத் தின்னும் பாசி அணையில் கொழுக்கிறது. இதைவிடக் கொடுமையான வேடிக்கை வேறு இருக்க முடியாது.

மைக்ரோசிஸ்டிஸ் சில வேளைகளில் கல்லீரலைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்கும். குடிநீரில் அந்த நஞ்சு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கு மேல் நெடுங்காலம் இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் இந்த நஞ்சு போவதில்லை. காய்ச்சிக் குடித்தால் எந்தக் கவலையும் இல்லை என்று நம்பிவரும் குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. பச்சைப் படலம் படர்ந்த நீரை மாட்டுக்கும் காட்டக் கூடாது.

பழி யார் மீது?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இதையும் கர்நாடகம், தமிழ்நாடு என்ற சண்டையாக்கிவிடக் கூடாது. அணைநீரைப் பச்சையாக்குவது வயல் உரம் மட்டுமன்று, நகரத்துச் சாக்கடையும்தான். பெங்களூரின் கழிவுநீர் விருஷபாவதி வழியே அர்க்காவதியில் கலந்து, பிறகு காவிரியில் சேர்ந்து, மேட்டூருக்கே போகிறது. பெங்களூரில் வாழும் தமிழர் வீட்டுத் துணி துவைத்த தண்ணீரும் அதில் அடக்கம். மேலே இருப்பவன் மாசுபடுத்தினான் என்று சொல்லும் ஒவ்வொருவரும் வேறொருவருக்கு மேலே இருக்கிறார்கள்.

விவசாயியைப் பழிப்பதிலும் அர்த்தமில்லை. ஒரு காலத்தில் நடவு வயலில் வரிசையாகக் குனிந்து நின்று களை பறித்தவர்கள் பெண்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் இன்று பீனியாவிலும் ஒசூர் சாலையிலும் வேலை பார்க்கிறார்கள். கட்டடச் சாரத்தில் ஏறுகிறார்கள். அலுவலகங்களில் கோப்பு பார்க்கிறார்கள். கைகள் நகரத்துக்கு வந்துவிட்டன. அந்த இடத்தை மருந்துப் புட்டி நிரப்பிவிட்டது. கூலிக்கு ஆள் கிடைக்காத அண்ணன் களைக்கொல்லி வாங்குகிறார் என்றால், அதில் ஊரை விட்டு வந்த தம்பிக்கும் சம்பந்தம் உண்டு. இது குற்றச்சாட்டு அல்ல. நாட்டின் பொருளாதாரம் அப்படி அமைந்துவிட்டது. ஆயினும், சம்பந்தம் இல்லை என்று கை கழுவ இயலாது.

உர விலையும் விவசாயியைத் தவறான பக்கமே தள்ளுகிறது. 2010-ல் சத்துக்கேற்ற மானியத் திட்டம் வந்தபோது யூரியா அதில் சேர்க்கப்படவில்லை. இன்று யூரியா மூட்டை 300 ரூபாய்க்கும் குறைவு, டி.ஏ.பி. மூட்டை 1,000 ரூபாய்க்கு மேல். எது மலிவோ அதைத்தான் ஏழை விவசாயி அதிகம் அள்ளி வீசுவான். இந்த விலை ஏற்பாட்டை வகுத்தது அவன் அல்ல, அரசு.

முக்கோணம் சொல்லாத ஆபத்து

நம் நாட்டில் பூச்சி மருந்துச் சட்டம் வந்தது 1968-ல். 1958-ல் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் உணவுப் பொருளில் மருந்து கலந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட பிறகே அந்தச் சட்டத்துக்கு வழி பிறந்தது. அதன் விதிப்படி ஒவ்வொரு மருந்துப் புட்டியிலும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று வண்ண முக்கோணம் ஒன்று உண்டு. எழுத்தறியாதவரும் ஆபத்தை அறிய அது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிறம் சொல்வது, விழுங்கினாலோ மேலே பட்டாலோ மனிதருக்கும் விலங்குக்கும் எவ்வளவு கேடு என்பதை மட்டுமே. நீரில் வாழும் பாசிக்கு அந்த மருந்து என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. பச்சை முக்கோணம் கண்டு, கேடில்லாத மருந்து என்று எண்ணி, வாய்க்காலிலேயே தெளிப்பானைக் கழுவுகிறவர்கள் உண்டு.

தடை விதிப்பதிலும் வேகம் போதாது. பி.எச்.சி. மருந்து 1997-ல்தான் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானை நிறுத்த 2011-ல் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது. 2020 மே மாதம் மத்திய அரசு 27 மருந்துகளைத் தடை செய்ய உத்தேசித்து வரைவு ஆணை வெளியிட்டது. அதில் பூட்டாகுளோரும் 2,4-டி என்ற களைக்கொல்லியும் இருந்தன. 2023-ல் வந்த தடை ஆணையில் அவை இரண்டும் இல்லை. தடை வேண்டுமா வேண்டாமா என்பதில் நிபுணர்கள் மாறுபடலாம். ஆனால் தடை வரும் வரை ஒன்றும் செய்ய இயலாது என்பது சரியன்று. செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது.

மடையை அடைத்த ஊர்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாக்ரமெண்டோ பள்ளத்தாக்கு பெரிய நெல் பூமி. 1980-களின் தொடக்கத்தில் அங்கே வயல்களிலிருந்து வடிந்த நீரில் மீன்கள் செத்து மிதந்தன. ஆற்று நீரைக் குடிக்கும் சாக்ரமெண்டோ நகரத்தில் குழாய் நீர் கசக்கிறது என்று மக்கள் புகார் செய்தனர். காரணம் மாலினேட், தயோபென்கார்ப் என்ற இரண்டு நெல் களைக்கொல்லிகள் என்று கண்டறியப்பட்டது. அரசு வயலைத் தரிசு போடச் சொல்லவில்லை. மருந்தையும் உடனே நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து போட்ட பின் வடிமடையை அடைத்துத் தண்ணீரை வயலிலேயே நிறுத்தி வைக்க வேண்டும் என்று விதி செய்தது. அந்தக் காலம் படிப்படியாக ஏறக்குறைய 4 வாரம் வரை நீட்டப்பட்டது. வெயிலிலும் மண்ணிலும் மருந்து சிதைந்த பிறகே மடையைத் திறக்கலாம். ஆற்றுக்குப் போன மருந்தின் அளவு 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. நெல் விவசாயம் அழிந்துவிடவில்லை. குழாய் நீரின் கசப்புதான் அகன்றது.

அங்கே நகரத்தார் புகார் செய்தார்கள், அதிகாரிகள் அளந்தார்கள், விவசாயிகள் மடையை அடைத்தார்கள். மூன்றும் நடந்ததால் காரியம் கைகூடியது. மாண்டியாவில் வயல்கள் சிறியவை, ஒருவர் வயல் நீர் அடுத்தவர் வயலில் இறங்குவது என்பதெல்லாம் மெய்தான். நான்கு வாரம் இயலாவிட்டாலும், மருந்து போட்டு ஒரு வாரம் தண்ணீரை வடிய விடாமல் காப்பது இங்கேயும் இயலாத காரியமன்று.

செய்ய வேண்டியவை

களைக்கொல்லிப் புட்டியில் தண்ணீரை எத்தனை நாள் வடிக்கக் கூடாது என்பது கன்னடத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். நடவுக் காலத்தில் சிவா அணைக்கட்டிலும் பிலிகுண்டுலுவிலும் மருந்து எச்சத்தை அளந்து, கன அடிக் கணக்கைப் போலவே நாளேடுகளுக்குத் தர வேண்டும். யூரியாவின் மானியத்தை மற்ற உரங்களோடு சமன் செய்து, ஏழை விவசாயி நஷ்டப்படாத வகையில் பணத்தை அவன் கையிலேயே தர வேண்டும். நீலப்பச்சைப் பாசியும் அசோலாவும் வேளாண்மைப் பல்கலைக்கழகங்களின் பரிசோதனைத் தோட்டத்தோடு நின்றுவிடாமல், உரக் கடையில் யூரியாவுக்கு அருகிலேயே கிடைக்க வேண்டும். வரிசை நடவு வயலில் உருட்டிச் செல்லும் களையெடுக்கும் கருவிக்கு மானியம் தாராளமாகக் கிடைத்தால் களைக்கொல்லியின் தேவையே குறையும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. அரசைக் கேட்க வேண்டியது குடிப்பவர்கள். இரு மாநிலத்துத் தொழிலாளிகளும் ஒரே ஆற்றைத்தான் குடிக்கிறார்கள். அளவுக்காகச் சண்டையிட்டவர்கள் தரத்துக்காகச் சேர்ந்து குரல் கொடுக்கலாம். இந்தக் கோரிக்கையில் ஒருவர் பெற்றால் மற்றவர் இழப்பதில்லை. மாண்டியாவின் மடை அடைபட்டால் பெங்களூருக்கும் நன்மை, மேட்டூருக்கும் நன்மை. பெங்களூரின் சாக்கடை சுத்தமானால் கீழேயுள்ள டெல்டா வரைக்கும் நன்மை.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் வயல் வரப்பில் நிற்கும்போது, அண்ணனிடமோ தம்பியிடமோ கேட்கக்கூடிய கேள்விகள் சில உண்டு. மருந்து போட்ட அன்று வடிமடை திறந்திருந்ததா? யூரியாவை ஒரே தடவையில் வீசினாயா, இலையின் நிறம் பார்த்துப் பிரித்துப் போட்டாயா? தெளிப்பானை எங்கே கழுவினாய்? கேட்பதற்குச் செலவில்லை. மடையை அடைக்க ஒரு மண்வெட்டி மண் போதும். அந்த ஒரு மண்வெட்டி மண்ணை எத்தனை பேர் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தே, வயலிலும் அணையிலும் எந்தப் பாசி வளரும் என்பது இருக்கிறது.